பூட்டன் புதைந்த இடத்தைத் தேடி: ஊருக்குக் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் தாத்தாவின் அப்பா ராமநாதபுரம் மாவட்டத்தில், மழையை நம்பிப் பிழைக்கிற ஒரு சின்ன ஊரில் இறந்தவர். அவரைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதில் முதல் பதினான்கு மாதம் நான் அலுவலகங்களில் கழித்தவை. இறப்புச் சான்று, பட்டா, வரைபடம் எல்லாம் கையில் வந்த பிறகுதான் ஊருக்குப் போவது என்று இருந்தேன். எல்லா நகலோடும் போய் இறங்கினால், அடக்கத்தன்று பத்து வயதுப் பையனாகக் கூடவே நடந்து போன பெரியவர் மூன்று வாரம் முன்பு இறந்திருந்தார். அவர் மகனுக்கு அப்பா சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் நினைவிருந்தது: “ஊருணிக்கு வடக்க, ரெட்டைப் பனைக்கு நேரா.” அந்த ஒரு வாக்கியம்தான் கடைசியில் வழி காட்டியது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காகிதம் அலுவலகத்தில் அடுத்த வருடமும் இருக்கும். தொண்ணூறு வயதுக்காரர் இருப்பாரா என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் சொல்வது பெரும்பாலும் தென் மாவட்டக் கிராமங்களுக்குப் பொருந்தும்.

1. முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

முதல் கேள்வி: புதைத்தார்களா, எரித்தார்களா? ஒரே குடும்பத்திலேயே பெரியவர்களை எரித்து, குழந்தைகளையும் கல்யாணமாகாதவர்களையும் புதைக்கும் வழக்கம் உண்டு. எரித்திருந்தால் தேட மேடு எதுவும் இருக்காது. சாம்பல் கரைத்த ஆறோ கடலோதான் உங்கள் இடம்.

அடுத்து, வீட்டில் கிடக்கும் பழைய காகிதங்கள். கருமாதிப் பத்திரிகையில் பங்காளிகள் பெயர் வரிசையாக இருக்கும். பழைய மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதால், உங்கள் சொந்தம் எந்தெந்த ஊரில் இருந்தது என்பது ஒரே நோட்டில் கிடைத்துவிடும். நிலப் பத்திரங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அவை நான்காவது படியில் வேண்டும்.

வீட்டுப் பழக்கங்களையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் ஆடிப்பெருக்கு அன்று இனிப்பு செய்ய மாட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது, “நமக்கு ஆகாது” என்பார்கள், அவ்வளவுதான். அதை ஒரு தகவலாக நான் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

பெண்களிடம் ஒரு கேள்வி, ஆண்களிடம் வேறு கேள்வி. பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. ஆகவே அப்பத்தாவுக்கும் அத்தைக்கும் பெயர், உறவு, திதி, என்ன நோய், யார் கொள்ளி வைத்தார் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். இடம் தெரியாது. இடத்தை ஆண்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தேதி நினைவிருக்காது. நான் இதை மாற்றிக் கேட்டுக் கேட்டு, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

2. ஊரின் பெயரைச் சரிபாருங்கள்

குடும்பத்தில் சொல்லும் ஊர்ப் பெயர் பெரும்பாலும் உட்கடை கிராமத்தின், அதாவது குக்கிராமத்தின் பெயராக இருக்கும். அரசுப் பதிவுகள் எல்லாம் வருவாய் கிராமத்தின் பெயரில் இருக்கும். ஒரு வருவாய் கிராமத்துக்குள் நாலைந்து குக்கிராமங்கள் அடங்கியிருக்கலாம். இணையத்தில் உங்கள் ஊரைத் தேடி, பட்டியலிலேயே இல்லை என்றால் பயப்படாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் எந்த வருவாய் கிராமம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மாவட்டமும் மாறியிருக்கும். பழைய பத்திரத்தில் ‘ராமநாதபுரம் ஜில்லா’ என்று இருந்தால் அந்த ஊர் இன்று சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம், ஏனென்றால் 1985-இல் பிரித்தார்கள். அதே போல ‘திருநெல்வேலி ஜில்லா’ என்பது இன்று தூத்துக்குடியாகவோ, 2019-க்குப் பிறகு தென்காசியாகவோ இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலக எல்லையும் தாலுகா எல்லையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தவறான அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, மாலையில்தான் தெரிந்துகொண்டேன்.

3. ஊருக்குப் போங்கள், வெறுங்கையோடு

முதல் பயணத்தில் வரைபடம், டேப், கேமரா எதையும் வெளியே எடுக்காதீர்கள். பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து “எங்க பூட்டன் நிலம், சமாதி” என்று பேச்செடுத்தால், இடத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். அதில் தப்பு இல்லை. அப்படி வந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் யார் மகன், யார் பேத்தி, எதற்காக வந்தீர்கள், நிலத்தில் எந்த உரிமையும் கேட்கவில்லை என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கூடவே உள்ளூர்ச் சொந்தம் ஒருவரை அழைத்துப் போவது நல்லது.

போவதற்கு மிகச் சரியான நாள் மாசி மாதத்து மகா சிவராத்திரி. தென் மாவட்டங்களில் குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகள் எல்லோரும் அன்று வந்து சேர்வார்கள். சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பெரியவர்கள் ஒரே இரவில் ஒரே மரத்தடியில் கிடைப்பார்கள். தனித்தனியாகத் தேடிப் போனால் ஆறு மாதம் ஆகிற வேலை.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். “எங்க அடக்கம் பண்ணினாங்க?” என்றால் “மயானத்துலதான்” என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “பால் தெளிக்க எந்தப் பக்கமா போனீங்க? கண்மாய்க் கரை ஏறினீங்களா, ஓடை வழியா? போகும்போது வெயில் முகத்துல அடிச்சுதா, முதுகுலயா?” என்று கேளுங்கள். நடந்த கால் நினைவு வைத்திருக்கும். வெயில் கேள்விக்குத்தான் எனக்குத் திசை கிடைத்தது.

யாரைக் கேட்பது? ஊர்ப் பெரியவர்களோடு நிறுத்தாதீர்கள். எனக்கு உதவியவர்கள் இவர்கள்: குழி வெட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆடு மேய்ப்பவர், கரிமூட்டம் போடுகிறவர். சீமைக் கருவேலங்காட்டுக்குள் எங்கே செங்கல் கட்டு தட்டுப்பட்டது என்பது, விறகு வெட்டிக் கரிமூட்டம் போட்டவருக்குத்தான் தெரியும். ஊரில் யாரும் அந்தப் பக்கம் முப்பது வருடமாகப் போயிருக்க மாட்டார்கள். குழி வெட்டுகிறவரை ஊரில் எப்படிக் கூப்பிட்டாலும் நீங்கள் அண்ணே, ஐயா என்று கூப்பிடுங்கள். தலைமுறை தலைமுறையாக உங்கள் குடும்பத்தைத் தூக்கி மண்ணுக்குள் இறக்கி வைத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் ஒவ்வொரு சாதிக்கும் தனி மயானம். ஒரே ஊருக்குள் மூன்று, நான்கு இருக்கும். “நீங்க எந்த வகையறா?” என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவே இல்லை. ஆனால் எந்த மயானத்தில் தேட வேண்டும் என்பது அதற்கான பதிலில்தான் இருக்கிறது, அதனால் சொன்னேன்.

4. காகிதங்கள்

இப்போது அலுவலகத்துக்குப் போகலாம். தேவையானவை நான்கு.

இறப்புப் பதிவு. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகியிருக்கும், எங்கே புதைத்தார்களோ அங்கே அல்ல. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு ஊரில் பதிவு இருக்காது. கிராமத்திலேயே இறந்திருந்தால் பழைய பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், வருடம் எழுதி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வருடம் உறுதியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் இரண்டு வருடம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். தேடல் கட்டணம் வருடக் கணக்கில் ஏறும். பெண்களுக்கு ‘இன்னார் பெண்சாதி’ என்று மட்டும் எழுதியிருக்கக்கூடும், அதனால் கணவர் பெயரிலும் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு இல்லை என்றால் ‘பதிவில்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு அலுவலகத்தில் “அந்த வருஷப் புத்தகம் கரையான் அரிச்சுப்போச்சு” என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். எழுதிக் கேட்ட பிறகு அதே புத்தகம் வந்தது. ரசீது இல்லாத பணம் எங்கும் கொடுக்காதீர்கள்.

அ-பதிவேடும் கிராம வரைபடமும். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று அ-பதிவேட்டில் இருக்கும். மயானம் என்றால் புறம்போக்காகக் காட்டி, குறிப்புக் கட்டத்தில் ‘மயானம்’, ‘சுடுகாடு’, ‘இடுகாடு’ என்று எழுதியிருப்பார்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அங்கே சர்வே எண்ணைக் கொடுத்தால்தான் திறக்கும். எண் தெரியாமல்தானே தேடுகிறோம்? அதனால் கிராம நிர்வாக அலுவலரிடம் முழுப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்பட நகலை அப்புறம் இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பழைய பத்திரத்தில் உள்ள சர்வே எண் இன்று வேறாக இருக்கலாம். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறின. ‘பழைய எண், புதிய எண்’ இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

பழைய கிரயப் பத்திரங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பத்திரத்தில் நிலத்தின் நாலெல்லையை எழுதுவார்கள். 1951-இல் எழுதிய ஒரு பத்திரத்தில் “இதற்கு மால் மயானப் பாதைக்குத் தெற்கு” என்று ஒரு வரி இருந்தது (மால் என்றால் எல்லை). இன்று அந்தப் பாதையே இல்லை. ஆனால் அந்த நிலம் எது என்று தெரியும், அதன் வடக்கு எல்லை எது என்றும் தெரியும். அவ்வளவு போதும். உங்கள் குடும்பப் பத்திரம் இல்லாவிட்டாலும் பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தைப் பார்க்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். இதற்காகத்தான் மூன்றாவது படியில் நல்ல பெயர் எடுக்கச் சொன்னேன்.

நில அளவை வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களை அவர்கள் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கலாம். ஊருணி, ஓடை, கண்மாய்க் கரை எப்படி ஓடுகிறது என்று பார்க்க உதவும்.

அலுவலகத்தில் பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். ‘ஏன்’, ‘எதற்கு’ என்று கேட்காதீர்கள், நிராகரித்துவிடுவார்கள். ‘இந்த வருவாய் கிராமத்தில் மயானம் என வகைப்படுத்தப்பட்ட அனைத்து சர்வே எண்களின் அ-பதிவேட்டு நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி கொஞ்சம் எளிது. பங்குக் கோயிலில் அடக்கப் பதிவேடு இருக்கும். உங்கள் ஊர் கிளைக் கிராமமாக இருந்தால் பதிவேடு தாய்ப் பங்கில் இருக்கும், அங்கே போங்கள். பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். ‘செப்புல்துஸ்’, ‘செப்புல்தா’ என்று வரும் சொல்லுக்கு அடக்கம் செய்யப்பட்டார் என்று பொருள், முன்னது ஆணுக்கு, பின்னது பெண்ணுக்கு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று போனால் யார் எந்தக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று நேரிலேயே பார்க்கலாம். முஸ்லிம் குடும்பங்கள் ஊர் ஜமாஅத்தில் தொடங்குங்கள்.

5. காலமும் கையில் எடுக்க வேண்டியவையும்

ஐப்பசி முதல் தை வரை போகாதீர்கள். மழை, சேறு, வயலில் பயிர், கண்மாயில் தண்ணீர். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்திருக்கும், குறுக்கே நடக்கலாம். சித்திரை தாண்டினால் வெயில் தாங்காது.

தடித்த அடியுள்ள பூட்ஸ் கட்டாயம். கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், ரப்பர் செருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை. நீளக் கம்பு, தண்ணீர், கைவிளக்கு, வெள்ளைத் துணி ஒன்று, நோட்டு, பென்சில். விரியன் பாம்பு உள்ள பூமி, கம்பால் தட்டிக்கொண்டே போங்கள்.

முள் வெட்ட இரண்டு ஆட்களுக்கு அரை நாளைக்கு 1,500 ரூபாயும் சாப்பாடும் கொடுத்தேன். நான்கு பயணத்துக்கும் சேர்த்து எனக்குச் சுமார் 23,000 ரூபாய் ஆனது. அதில் காகிதங்களுக்கு ஆயிரத்துக்கும் குறைவுதான், மீதியெல்லாம் பேருந்து, ஆட்டோ, தங்கல், கூலி.

“ஜேசிபி விட்டா ஒரு மணி நேரத்துல சுத்தம்” என்பார்கள். விடாதீர்கள். கல் இல்லாத மண்மேடுகள் இன்னொரு குடும்பத்தின் அம்மாவோ பிள்ளையோ. வண்டி ஏறினால் போனது போனதுதான். தீ வைக்கவும் சம்மதிக்காதீர்கள். அரிவாள்தான்.

6. மயானத்துக்குள்

உள்ளே போகுமுன் ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், முடிந்தால் எழுத்தாகக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் கல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவை வெறும் மேடு. நாயும் நரியும் தோண்டாமல் இருக்கக் கல்லும் முள்ளும் போட்டிருப்பார்கள், அந்தக் கல் வரிசை மட்டும் மிச்சமிருக்கும். பொது மயானத்தில் பல வருடம் கழித்து அதே இடத்தில் இன்னொருவரைப் புதைப்பதும் நடக்கும். ஆகவே மயானத்தில் இந்தப் பகுதி என்பது வரைதான் உங்களால் நெருங்க முடியும் என்றால், அதோடு நிறைவடையுங்கள். நானும் முதலில் அதற்குத்தான் தயாராக இருந்தேன்.

இந்துக்களின் குழிகளில் தலை தெற்கே இருக்கும். செங்கல் கட்டாக இருந்தால் விளக்கு மாடம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பூட்டனாரின் மேட்டில் முள்ளை விலக்கியதும் முதலில் தெரிந்தது அதுதான். ஒரு சாண் உயர மாடம், உள்ளே விரலை விட்டுத் தேய்த்தால் எண்பது வருடத்துக் கரி இன்னும் ஒட்டியது. யாரோ பல வருடம் அங்கே விளக்கேற்றியிருக்கிறார்கள். யார் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

7. கல்லைப் படிப்பது

சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீர்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது, பழைய காரை எழுத்தோடு பெயர்ந்து வரும். ஈரத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணி வரை காத்திருங்கள். வெயில் சாய்வாக விழும்போது காலையில் தெரியாத எழுத்து தெரியும். மேகமாக இருந்தால் கைவிளக்கைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

எண்கள் தமிழ் எண்களாக இருக்கலாம். க போலத் தெரிவது ௧, உ போன்றது ௨, ங போன்றது ௩, ச போன்றது ௪, ரு போன்றது ௫, சு போன்றது ௬, எ போன்றது ௭, அ போன்றது ௮, கூ போன்றது ௯. ய போல இருந்தால் அது பத்து, ௰. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற குறிகள் வரும்.

எங்கள் கல்லில் இருந்தது: சுபானு௵ ஆடி௴ ௧௮௳.

தமிழ் வருடத்தை மாற்ற, அறுபது வருடப் பட்டியலில் அது எத்தனையாவது என்று எண்ணுங்கள். பட்டியலின் முதல் வருடமான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய வருடங்களின் சித்திரையில் பிறந்தது. சுபானு பதினேழாவது, ஆக 1927-உடன் 16 கூட்டினால் 1943. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதால், தாத்தா பிறந்த வருடத்தோடு ஒப்பிட்டுச் சரியான சுற்றைத் தேர்ந்தெடுங்கள். ‘தாது வருஷப் பஞ்சத்தில் போனவர்’ என்று வீட்டில் சொன்னால் அது 1876-77, அதற்கடுத்த தாது 1936-37.

ஆடி பதினெட்டு என்று நான் வாய்விட்டுப் படித்ததும் என் சித்தப்பா கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஆடிப்பெருக்குக்கு எங்கள் வீட்டில் ஏன் இனிப்பு இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

8. இடம் இன்னொருவர் பட்டாவில் இருந்தால்

சொந்த வயலின் ஓரத்திலேயே புதைத்து, பிறகு வயலை விற்றுவிட்ட குடும்பங்கள் நிறைய. அப்படி இருந்தால் இன்றைய உரிமையாளரிடம் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: வருடத்துக்கு ஒரு நாள் வந்து போக அனுமதி, அந்த மேட்டை உழாமல் விடுவது, நிலத்தை விற்பதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு போன். வேலி, கட்டடம், பாதை என்று ஆரம்பிக்காதீர்கள். வழக்கறிஞர் கடிதத்தோடு போன ஒரு குடும்பத்துக்கு அடுத்த உழவிலேயே மேடு இல்லாமல் போனது எனக்குத் தெரியும். நேரில் போய், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அவர்களுக்கும் முன்னோர் உண்டு.

9. கண்டுபிடித்த இடத்தைப் பதிவு செய்யுங்கள்

போனில் குறித்த இடம் போனோடு போய்விடும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். மரத்தை அடையாளமாக வைக்காதீர்கள், ரெட்டைப் பனையில் ஒன்றை நான் போனபோதே வெட்டியிருந்தார்கள். சர்வே கல், கிணறு, கண்மாய் மடை இவற்றிலிருந்து எத்தனை தப்படி, எந்தத் திசை என்று எழுதி, நாலு பக்கமும் நின்று படம் எடுத்து, மூன்று சொந்தக்காரர்களிடம் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். ஒருவராவது ஊரில் இருப்பவராக இருக்கட்டும்.

கல் நடுவதானால் ஊராட்சியிலோ நிலத்துக்காரரிடமோ கேட்டுக்கொண்டு, இரண்டடிக்கு மேல் போகாத சின்னக் கல்லாக நடுங்கள். பழைய கல் இருந்தால் அதை எடுக்காமல் பக்கத்தில் நடுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தமிழ் வருடம், ஆங்கில வருடம் இவ்வளவு போதும். பின்பக்கத்தில் வருவாய் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வெட்டச் சொல்லுங்கள். கல்தச்சர் எழுத்துக் கணக்கில்தான் கூலி வாங்குவார், அந்த ஒரு வரிக்கு எனக்கு இருநூறு ரூபாய் கூடுதலாக ஆனது.